செழிப்பான கீரை பாதுகாப்பான கீரையா?

மாணவர்களே, சாலாக் செலாத்தானுக்கு அருகிலுள்ள சுங்கை பீசியில் ஒரு காலத்தில் மிகப் பெரிய ஈயச் சுரங்கம் இருந்தது. ஈயத் தாதுவோடு ஆர்செனிக் போன்ற நச்சுத் தனிமங்களும் வெளிவருவதுண்டு. நம் நாட்டின் பழைய ஈய நிலங்கள் சிலவற்றில் கீரை, காய்கறிகள் பயிரிடப்பட்டுள்ளன. நச்சு உலோகம் கலந்த மண்ணில் பயிர் எப்படிப் பிழைக்கும்? மண்ணில் வாழும் பாக்டீரியா உதவுமா?

நிக்கல் போன்ற கன உலோகம் வேரைத் தாக்கும்போது, செடி எத்திலீன் வாயுவை அதிகமாக உற்பத்தி செய்கிறது. வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். அளவு மிஞ்சினால் வேர் வளர்ச்சி குன்றும். எத்திலீன் உருவாக ஏசிசி என்ற மூலப்பொருள் தேவை. வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்கள் ஒரு நொதியால் ஏசிசியைச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனை உணவாக்கிக்கொள்கின்றன. எத்திலீன் குறைவதால் வேர் நன்கு வளர்கிறது.

1998இல், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிளிக் குழுவினர், இத்தகைய பாக்டீரியாவைக் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரில் சோதித்தனர். நிக்கல் இருந்தும், பாக்டீரியா சேர்த்த செடிகள் சேர்க்காதவற்றைவிட நன்றாக வளர்ந்தன. ஆனால், அச்செடிகளின் ஒவ்வொரு மில்லிகிராம் உலர் எடையிலும் இருந்த நிக்கலின் அளவு குறையவில்லை!

ஏன்? உலோகம் ஒரு தனிமம். பாக்டீரியாவால் அதை அழிக்க முடியாது. வேறு சில பாக்டீரியாக்கள் உலோகத்தைப் பிடித்து வைக்கும், அல்லது நச்சு குறைந்த வடிவத்துக்கு மாற்றும். அப்போதும் உலோகம் அழிந்துவிடுவதில்லை.

ஆகவே, பாக்டீரியா பயிரைக் காப்பாற்றலாம். உண்பவரைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. இலையின் பசுமையை நம்பாமல், மண்ணையும் விளைச்சலையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும்.