பழைய மெழுகை எடுப்போம்

பல ஆஸ்பத்திரிகளில் தரையில் வினைல் டைல்ஸ் இருக்கும். பளபளப்புக்கு மெழுகு பூசுவார்கள். பழைய மெழுகின் மேலேயே பூசிக்கொண்டு போனால் தரை மஞ்சளாகும். எவ்வளவு துடைத்தாலும் போகாது.

மெழுகைக் கரைக்க ஸ்டிரிப்பர் என்ற மருந்து உண்டு. எவ்வளவு தண்ணீர் கலப்பது? கேனில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். சூப்பர்வைசரிடம் கேளுங்கள். தமிழில் எழுதிக் கேனில் ஒட்டுங்கள்.

ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். காயவிடாதீர்கள். காய்ந்தால் மெழுகு மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிறகு தேய்த்து வழித்தெடுங்கள்.

அப்போது தரை எண்ணெய் போல வழுக்கும். ரப்பர் பூட்ஸும் கையுறையும் கேட்டு வாங்குங்கள். சும்மா கொடுப்பதல்ல, அது கொடுக்க வேண்டியது.

சன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது. சில ஸ்டிரிப்பரில் அம்மோனியா இருக்கும். இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு வரும். மூச்சு அடைக்கும்.

நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே புது மெழுகு.