இல்லத்தின் கதவும் இணையத்தின் வாயிலும்

முன்னுரை

கடல் கடந்து பொருள் தேடச் செல்பவரைச் 'சபராளி' என்று அழைப்பது நம் கடற்கரை ஊர் முஸ்லிம்களின் வழக்கு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற முன்னைத் தலைமுறைச் சபராளி, வீட்டு நலத்தைக் கடிதத்தால் அறிந்தார். வளைகுடா நாடுகளுக்குச் சென்ற அடுத்த தலைமுறையினர் ஒலிநாடாவிலும் தொலைபேசியிலும் வீட்டாரின் குரலைக் கேட்டனர். இன்றைய சபராளியோ, துபாயிலோ தம்மாமிலோ வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் கைப்பேசியை எடுத்துத் தம் வீட்டு வாசலையே கண்ணால் காண்கிறார்.

நாம் அறிந்த ஒரு வீட்டில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். தனியே வாழும் தாயின் நலம் கருதி, அயல்நாட்டிலிருந்த மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்காணிப்புக் கேமராவைப் பொருத்தச் செய்தார். சில நாள்களில் அத்தாய் கூடத்தில் அமர்வதையே விட்டுவிட்டார். தம் சொந்த வீட்டினுள்ளேயே பகல் முழுதும் முக்காட்டுடன் நடமாடினார். காரணம் கேட்ட மகனிடம் அவர் கூறிய விடை இது: "நீ பாக்குறது சரி வாப்பா. உன்னோட சேந்து வேற யாரு பாக்குறா?"

எழுத்தறிவு மிகுதியும் இல்லாத அத்தாயின் கேள்வி, கணினிப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைக் கேள்வியே ஆகும். தொலைவிலிருந்து வீட்டுக் கருவிகளை அணுகும் வழிகள் யாவை, அவற்றுள் எவ்வழியில் 'வேறு யாரும்' நுழைய இயலாது என்பனவற்றை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1. வீட்டினுள் அமைந்த வலை

வீட்டிற்குள் இணைய இணைப்பு வந்து சேரும் சிறு பெட்டியை ரூட்டர் என்கிறோம். 'திசைவி' என்பது அதற்கு வழங்கும் கலைச்சொல். கைப்பேசி, கணினி, கேமரா, தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் அதனோடு இணைந்தே வெளியுலகைத் தொடுகின்றன.

இணையத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் நான்காம் பதிப்பு முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலகிலுள்ள கருவிகளுக்கெல்லாம் அவை போதா. ஆகவே வீட்டிற்குள்ளும் அலுவலகத்திற்குள்ளும் மட்டும் வழங்கத்தக்க தனி முகவரிகள் சில ஒதுக்கப்பட்டன. 1996ஆம் ஆண்டு இதற்கான விதி வகுக்கப்பட்டது. 192.168 என்று தொடங்கும் எண்வரிசை அவற்றுள் ஒன்று. நம் வீட்டுக் கேமராவுக்கும் அடுத்த வீட்டுக் கேமராவுக்கும் இவ்வரிசையில் ஒரே எண் இருக்கலாம், குழப்பம் நேராது. வெளியுலகிற்குத் தெரிவது ரூட்டரின் முகவரி ஒன்றே.

இதனை ஒரு கூட்டுக் குடும்ப வீட்டிற்கு ஒப்பிடலாம். தெருவிற்குத் தெரிவது ஒரு கதவெண். உள்ளே அறைகள் பல. அறையிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினால், வாசலில் இருப்பவர் அதனைக் குறித்துக்கொண்டு அனுப்புவார். பதில் வரும்போது உரியவரிடம் சேர்ப்பார். எவரும் எதிர்பாராத கடிதம் வந்தால், எந்த அறைக்குரியது என்பது தெரியாமையால் அதனை ஏற்கமாட்டார். ரூட்டர் செய்வதும் இதுவே. உள்ளிருந்து வெளியே செல்லலாம். வெளியிலிருந்து தானாக உள்ளே வர இயலாது. அயலூரில் இருக்கும் வீட்டுக்காரரும் இந்நிலையில் வெளியாரே ஆகிறார். அவர் எவ்வாறு உள்ளே வருவது? மூன்று வழிகள் உள்ளன.

2. முதல் வழி: கதவைத் திறந்து வைத்தல்

ஒவ்வோர் இணைய முகவரிக்கும் 65,535 வரை எண்ணிடப்பட்ட வாயில்கள் உண்டு. ஆங்கிலத்தில் போர்ட் எனப்படும் இதனைத் தமிழில் 'துறை' என்பர். குறிப்பிட்ட ஒரு துறையைத் தேடி வருவோரையெல்லாம் கேமராவிடம் அனுப்புக என்று ரூட்டருக்குக் கட்டளையிடுவது முதல் வழி. பொருத்த வருவோர் பலர் இதனையே எளிதெனச் செய்து செல்கின்றனர். சில கருவிகள் யுபிஎன்பி என்னும் வசதியைப் பயன்படுத்தி, வீட்டாரைக் கேளாமலேயே ரூட்டரிடம் சொல்லித் துறையைத் திறந்துகொள்கின்றன.

'கோடிக்கணக்கான முகவரிகளுள் நம் வீட்டு எண் எவருக்குத் தெரியப்போகிறது?' என்று எண்ணுதல் இயல்பே. ஆயின் அவ்வெண்ணம் தவறானது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட 'இசட்மேப்' என்னும் மென்பொருள், நான்காம் பதிப்பு முகவரிகள் அனைத்திலும் ஒரு துறை திறந்திருக்கிறதா என்பதை 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்க வல்லது. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியலிடும் 'ஷோடான்' என்னும் தேடுபொறி 2009ஆம் ஆண்டு முதலே இயங்கி வருகிறது. எனவே திறந்த கதவு ஒருநாளும் மறைந்திருப்பதில்லை.

2016ஆம் ஆண்டு பரவிய 'மிராய்' என்னும் தீநிரல் இதற்குத் தக்க சான்றாகும். வெளியிலிருந்து எட்டக்கூடியவாறு திறந்திருந்த கேமராக்களையும் காட்சிப் பதிவுப் பெட்டிகளையும் ரூட்டர்களையும் அது தேடிச் சென்றது. அது கையாண்ட முறை மிக எளியது. தொழிற்சாலையிலேயே இடப்பட்டு, வாங்கியவர் மாற்றாமல் விட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் ஏறத்தாழ 60 அதனிடம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து இலட்சக்கணக்கான கருவிகளை அது கைப்பற்றியது. 2016 அக்டோபர் 21 அன்று அவற்றுள் ஒரு பகுதி, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின்மீது ஏவப்பட்டது. அதனால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய பெருந்தளங்கள் பல மணி நேரம் பலருக்கு எட்டாமற் போயின.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கைப்பற்றப்பட்ட பின்னரும் அக்கேமராக்கள் வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டே இருந்தன. தம் வீட்டுப் பொருள் பிறர் ஏவலுக்கு ஆட்பட்டிருந்ததை உரியவர் அறிவதற்கு அடையாளம் ஏதுமில்லை.

3. இரண்டாம் வழி: இடையில் நிற்கும் நிறுவனம்

இன்று விற்பனையாகும் கேமராக்களுள் பெரும்பாலானவை வேறொரு முறையில் இயங்குகின்றன. கேமரா உள்ளிருந்து வெளியே சென்று, தன் நிறுவனத்தின் கணினியோடு தொடர்பு கொள்கிறது. சபராளியின் கைப்பேசியும் அதே கணினியை நாடுகிறது. இருவரும் நடுவில் சந்திக்கின்றனர். வீட்டுக் கதவு எதனையும் திறக்க வேண்டியதில்லை, எளியோரும் கையாளலாம். இவை இம்முறையின் நன்மைகள்.

ஆயினும், நடுவில் நிற்பவர் நம்பத்தக்கவரா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. வீட்டுக் கேமராக்களை விற்கும் 'ரிங்' நிறுவனத்தின்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 மே மாதம் குற்றம் சாட்டியது. அந்நிறுவன ஊழியர் ஒருவர், பெண் வாடிக்கையாளர்களின் தனியறைப் பதிவுகள் ஆயிரக்கணக்கானவற்றைப் பல மாதங்களாகப் பார்த்துவந்தார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. நிறுவனம் 58 இலட்சம் டாலர் செலுத்த ஒப்பி வழக்கை முடித்துக்கொண்டது. 2021 மார்ச்சில் 'வெர்க்காடா' என்னும் நிறுவனத்தின் மேலாண்மைக் கணக்கொன்று அயலார் கைப்பட்டபோது, மருத்துவமனை, சிறைச்சாலை, பள்ளி ஆகியவற்றில் இருந்த ஏறத்தாழ 1,50,000 கேமராக்களின் காட்சிகள் அவர்களுக்குத் திறந்துகொண்டன எனச் செய்தி வெளியாயிற்று. 'வேறு யார் பார்க்கிறார்?' என்ற தாயின் வினா, இவ்விடத்தில் கற்பனை அச்சம் அன்று என்பது தெளிவு.

இவ்வழியையே மேற்கொள்வோர் இரண்டினைச் செய்தல் இன்றியமையாதது. ஒன்று, வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லை இடுதல். மற்றொன்று, கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குதல். காட்சி கேமராவிலிருந்து கைப்பேசி வரை இடையில் எவரும் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்யப்படும் கருவி கிடைப்பின் அதனையே வாங்குதல் நன்று.

4. மூன்றாம் வழி: திறவுகோல் உடையவர்க்கே வாயில்

கதவைத் திறந்து வைக்காமலும், நிறுவனத்திடம் காட்சியை ஒப்படைக்காமலும் செல்லும் மூன்றாம் வழி உண்டு. கைப்பேசிக்கும் வீட்டு ரூட்டருக்கும் இடையே மறையாக்கம் செய்த தனிப்பாதை ஒன்றை அமைத்துக்கொள்வதே அது. இதனை வி.பி.என். என்பர்.

இதன் அடிப்படை, டிஃபி, ஹெல்மன் என்னும் அறிஞர் இருவர் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட பொதுத்திறவுகோல் கருத்தாகும். இம்முறையில் ஒவ்வொருவர்க்கும் இணையான இரு திறவுகோல்கள் உண்டு. ஒன்றைப் பிறரிடம் கொடுக்கலாம். மற்றொன்றை ஒருபோதும் கொடுத்தல் ஆகாது. சபராளியின் பொதுத்திறவுகோல் வீட்டு ரூட்டரில் பதிந்திருக்கும். அதன் இணையான தனித்திறவுகோலை உடைய கைப்பேசி எது என்பதை, அத்திறவுகோலைக் கேட்டு வாங்காமலேயே ரூட்டர் உறுதி செய்துகொள்ளும். ஊகித்தறியக் கடவுச்சொல் என்பதே இங்கு இல்லை.

இவ்வகையில் இன்று பரவலாக வழங்குவது 'வயர்கார்டு'. ஜேசன் டோனன்ஃபெல்டு என்பவர் உருவாக்கிய இது, 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவில் இடம்பெற்றது. ஏறத்தாழ 4,000 வரிகளில் அமைந்தமையால் குறை இருப்பின் ஆய்ந்து காணல் எளிது. இதற்கும் ரூட்டரில் ஒரு துறை தேவையே. ஆயின் உரிய திறவுகோலின்றித் தட்டுவோர்க்கு அது மறுமொழியே தருவதில்லை. அங்கொரு வாயில் இருப்பதே அவர்க்குத் தெரியாது. திறந்த கதவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நடைமுறையில் இரு தடைகள் நேரலாம். முதலாவது, நிறுவனங்கள் பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே வெளிமுகவரியைத் தருவது. ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களுள் ஒன்றில் தொடங்குமாயின் நிலைமை இதுவே. அப்போது தனி வெளிமுகவரியைக் கேட்டுப் பெறலாம். அன்றி, இரு முனைகளையும் சந்திக்க வைக்கும் 'டெயில்ஸ்கேல்' போன்ற சேவையை நாடலாம். அதில் காட்சி இடையில் உள்ளோர்க்குப் புலப்படாது. இரண்டாவது தடை, தங்கும் அறையின் வலையும் வீட்டு வலையும் 192.168.1 என்று ஒரே வரிசையில் அமைவது. அப்போது கைப்பேசி வீட்டுக் கேமராவை அறையிலேயே தேடி ஏமாறும். ஊரை விட்டுப் புறப்படுமுன் வீட்டு வரிசையை 192.168.73 போன்ற அருகி வழங்கும் எண்ணுக்கு மாற்றிவிடின் இத்தொல்லை நீங்கும்.

வேலை பார்க்கும் நாட்டின் சட்டத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சட்டம், குற்றம் புரியவோ அதனை மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக் காட்டுவதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. நம் வீட்டிற்கு நாமே அமைக்கும் பாதையின் நோக்கம் வேறு. எனினும் அதனை வீட்டுக் கருவிகளைக் காண்பதற்கு மட்டுமே பயன்படுத்துதலும், தடை செய்யப்பட்டவற்றை எட்டும் வழியாக்காமல் இருத்தலும் அறிவுடைமை.

5. புறப்படுமுன் செய்யத்தக்கன

அ) கேமரா, ரூட்டர் ஆகிய இரண்டிலும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுக. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. ஆயினும் பழைய கருவிகள் இன்னும் வீடுகளில் உள்ளன.

ஆ) ரூட்டரில் யுபிஎன்பி வசதியை நிறுத்துக. முன்னர் எவரேனும் திறந்து வைத்த துறைகள் இருப்பின் அவற்றை மூடுக.

இ) கேமராவைக் கணினியும் கைப்பேசியும் இருக்கும் வலையில் சேர்க்காமல், ரூட்டரின் விருந்தினர் வலையில் தனியே வைக்க முயல்க. ஒன்று கெட்டால் மற்றவை தப்பும். தனிப்பாதை வழியே அவ்வலையை எட்ட இயலுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்க.

ஈ) ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனித் திறவுகோல் அமைக்க. கைப்பேசி தொலைந்தால் அதன் திறவுகோலை மட்டும் ரூட்டரிலிருந்து நீக்கினால் போதும்.

உ) மென்பொருளைப் புதுப்பித்து வருக. நிறுவனம் புதுப்பித்தலை நிறுத்திவிட்ட கருவியை மாற்றிவிடுக.

ஊ) ஊரிலேயே வை-ஃபையை அணைத்துக் கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பால் ஒருமுறை சோதித்துப் பார்க்க. மின்தடைக்குப் பின் ரூட்டர் தானே எழுகிறதா என்பதையும் காண்க. கடல் கடந்தபின் அதனைத் திருத்த ஆளிராது.

6. பார்க்கப்படுவோரின் உரிமை

திறவுகோல் எத்துணை வலிதாயினும், அது வெளியாரை மட்டுமே தடுக்கும். உரிமையோடு பார்ப்பவர் எதனைப் பார்க்கலாம் என்பதை அது தீர்மானிக்காது. கேமரா வாசலைப் பார்த்தால் அது வீட்டிற்குக் காவல். கூடத்தைப் பார்த்தால் அங்கு வாழ்பவர்க்கு அது காவலாகுமா என்பதை அவரிடமே கேட்டறிதல் வேண்டும். யார் யாரிடம் திறவுகோல் உள்ளது என்பதைப் பார்க்கப்படுபவர் அறிந்திருத்தலும், வேண்டும்போது நிறுத்தும் சுவிட்சு அவர் கைக்கெட்டும் இடத்தில் இருத்தலும் தேவை.

முடிவுரை

நாம் தொடக்கத்தில் கூறிய வீட்டில், விடுமுறைக்கு வந்த மகன் மூன்று செயல்களைச் செய்தார். திறந்திருந்த துறையை மூடினார். தம் கைப்பேசி ஒன்றிற்கு மட்டும் திறவுகோல் அமைத்தார். கேமராவைக் கூடத்துச் சுவரிலிருந்து கழற்றி வாசலுக்கு மேலே மாட்டினார். தாயை நலம் கேட்க வேண்டிய நேரத்தில் அவர் இப்போது கேமராவைப் பார்ப்பதில்லை, தொலைபேசியில் அழைக்கிறார்.

கதவை எல்லார்க்கும் திறந்து வைத்துவிட்டு நம்மவர் மட்டும் வருவார் என நம்புவது காவல் ஆகாது. உரியவரிடம் திறவுகோல் தந்து, உள்ளிருப்பவரின் இசைவையும் பெற்றபின் அமைவதே காவல். அத்தாய் இன்று மீண்டும் தம் கூடத்தில் அமர்கிறார்.