மலிவு ஆயில் ஃபில்டர் கெட்டதா? மூன்றை அறுத்துப் பார்த்தேன்

காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் 'கட கட கட'வென்று தட்டியது. டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் அணையவில்லை. மூன்று விநாடி, நான்கு விநாடி போயிருக்கும். பிறகு லைட் அணைந்தது, சத்தமும் அடங்கியது. பகலில் எத்தனை முறை வண்டியை நிறுத்தி எடுத்தாலும் அந்தச் சத்தம் வரவில்லை. மறுநாள் காலை மறுபடி வந்தது. ஆயில் மாற்றிப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.

சைதாப்பேட்டையில் எங்கள் காரைப் பல வருடமாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். "கம்பெனி ஃபில்டர்தாண்ணே வாங்கிப் போட்டேன், அதனால ஃபில்டரா இருக்காது" என்றேன். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தக் கடையில வாங்கினீங்க தம்பி? பில் இருக்கா?"

பில் இல்லை. பில் வேண்டாமென்றால் விலை குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார், 150 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். அட்டைப்பெட்டி, எழுத்து, ஸ்டிக்கர் எல்லாம் கம்பெனியுடையது போலவே இருந்தன.

அண்ணன் அந்த ஃபில்டரைக் கழற்றி வைஸில் பிடித்து, ஹேக்சா பிளேடை எடுத்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு பழைய ஃபில்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று, அதே மாடல் காரில் இருந்து அன்று காலை கழற்றிய, 90 ரூபாய் லோக்கல் பிராண்ட். இன்னொன்று, கம்பெனி சர்வீஸில் பில்லோடு போட்ட ஒரிஜினல். மூன்றையும் அறுத்து வரிசையாக வைத்தோம். மலிவு ஃபில்டர் பற்றி எனக்கிருந்த எண்ணம் அந்த அரை மணி நேரத்தில் மாறியது.

டப்பாவுக்குள் என்ன நடக்கிறது?

ஃபில்டரின் அடித்தட்டில் வட்டமாகச் சின்னத் துளைகள் இருக்கும். ஆயில் அவற்றின் வழியாக உள்ளே போகிறது. மடித்து மடித்து வைத்த காகிதத்தை வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகக் கடந்து, நடுவிலிருக்கும் பெரிய துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. இரும்புத் துகள், கரி, தூசி எல்லாம் காகிதத்தில் நின்றுவிடும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நல்ல ஃபில்டர் பிடிக்கிற துகள்கள் அதில் பாதிக்கும் குறைவான அளவுள்ளவை.

காகிதத்தோடு இரண்டு வால்வுகளும் முக்கியம். துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் தட்டு இருக்கும். வண்டி நின்றதும் ஃபில்டரில் இருக்கும் ஆயில் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு (சம்புக்கு) இறங்கிவிடாமல் அது தடுக்கும். அந்த ரப்பர் சரியாக உட்காராவிட்டால் இரவு முழுக்க ஆயில் வடிந்து ஃபில்டர் காலியாகிவிடும். காலையில் பம்பு முதலில் ஃபில்டரை நிரப்பவேண்டும். அதுவரை எஞ்சினின் மேல்பகுதிக்கு ஆயில் போகாது. என் காரில் கேட்ட 'கட கட' அந்தச் சில விநாடிகளின் சத்தம்தான்.

இன்னொன்று பைபாஸ் வால்வு. காகிதம் அழுக்கால் அடைத்துக்கொண்டாலும், குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலும் இது திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது எஞ்சினுக்கு அனுப்பும். ஆயிலே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஆயிலோடு ஓடுவது மேல் என்பதால் இந்த ஏற்பாடு. சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கும். எங்கள் காருக்கு ஃபில்டரில்தான் இருக்கவேண்டும்.

அறுத்ததும் கண்டது

ஒரிஜினலில் குறை சொல்ல எதுவுமில்லை. மடிப்புகள் சீராக நின்றன, ரப்பர் விரலுக்கு மெத்தென்று வளைந்தது, பைபாஸ் ஸ்பிரிங்கை அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது.

90 ரூபாய் ஃபில்டரைத் திறந்ததும் எனக்குத் திக்கென்றது. காகிதத்தின் மேலும் கீழும் இரும்பு மூடிக்குப் பதிலாக அட்டை. "அட்டைய வச்சிருக்காங்களேண்ணே!" என்றேன். அண்ணன் அதை என் கையில் கொடுத்தார். "ஆயில்ல இது கரையாது தம்பி. ஒட்டு எங்கேயாவது விட்டிருக்கா, அதைப் பாருங்க." கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தேன். ஆறு மாதம் சூடான ஆயிலில் கிடந்த பிறகும் பசை ஓரிடத்திலும் விடவில்லை. மடிப்புகள் ஒரிஜினலைவிடக் கொஞ்சம் குறைவு. ரப்பர் மெத்தென்று இருந்தது, ஸ்பிரிங்கும் வேலை செய்தது.

மூன்றாவது, நான் 150 ரூபாய் கொடுத்து வாங்கியது. பத்து நாள்கூட ஓடியிராத அதன் ரப்பர் பிளாஸ்டிக் போல விறைத்து, ஒரு பக்கம் அடித்தட்டில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றது. மடிப்புகள் ஒருபுறம் நெருக்கமாகவும் மறுபுறம் அகலமாகவும் சாய்ந்து கிடந்தன. காகிதத்தின் இரு முனைகளும் சேருமிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்த வழியாகப் போகும் ஆயில் வடிகட்டப்படாமலே போகும். பைபாஸ் வால்வு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தகடு, ஸ்பிரிங்கே இல்லை.

மூன்றில் விலை குறைந்தது ஒழுங்காக வேலை செய்திருந்தது. கம்பெனிப் பெட்டியில் வந்ததோ டூப்ளிகேட்.

பெயர் கெட்டது எதனால்?

'மலிவு ஃபில்டர் போட்டேன், எஞ்சின் போச்சு' என்று சொல்பவர்களிடம் இப்போதெல்லாம் பொறுமையாக விசாரிக்கிறேன். அநேகமாக மூன்றில் ஒரு காரணம் வெளியே வருகிறது.

முதலாவது, அது மலிவு ஃபில்டரே இல்லை, போலி. தன் பெயரையும் முகவரியையும் பெட்டியில் அச்சிட்டு 90 ரூபாய்க்கு விற்கிற நிறுவனம் வேறு, அடுத்தவர் பெயரை ஒட்டி விற்பவர் வேறு. இருவரையும் ஒரே சொல்லில் திட்டுவது, நேர்மையாகத் தயாரிப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாவது, பொருத்தியதில் தவறு. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆயில் மாற்றிய அன்றே வாசலெல்லாம் ஆயில் கொட்டியது. எல்லோரும் ஃபில்டரைத்தான் குறை சொன்னார்கள். கழற்றிப் பார்த்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் கேஸ்கட் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் புது கேஸ்கட் உட்கார்ந்து, பிரஷர் ஏறியதும் பிதுங்கிவிட்டது. எந்த விலை ஃபில்டரைப் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

மூன்றாவது, காலம் தாழ்த்துவது. 10,000 கிலோமீட்டரில் மாற்றவேண்டியதை 18,000 வரை ஓட்டினால் காகிதம் அடைத்து, பைபாஸ் திறந்து, அழுக்கு ஆயில்தான் எஞ்சினைச் சுற்றிவரும். விலை உயர்ந்த ஃபில்டரும் அப்போது உதவாது.

வாங்கும்போது நான் பார்ப்பவை

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான்கு முறை ஆயில் மாற்றிவிட்டேன். நான்கு முறையும் அதே லோக்கல் பிராண்ட். 8,000 கிலோமீட்டருக்கு மேல் விடுவதில்லை, கழற்றியதை அறுத்துப் பார்க்காமல் எறிவதும் இல்லை. காலைச் சத்தம் பிறகு வரவே இல்லை.

கடையில் முதலில் பெட்டியைத் திறந்து ஃபில்டரைக் கையில் வாங்குங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், எம்.ஆர்.பி. நான்கும் பெட்டியில் தெளிவாக இருக்கவேண்டும். அடித்தட்டின் துளை வழியாகச் சுத்தமான குச்சியால் ரப்பரை மெல்லத் தொட்டுப் பாருங்கள், வளைந்து கொடுக்கவேண்டும். கேஸ்கட் தன் பள்ளத்தில் ஆடாமல் இருக்கவேண்டும். த்ரெட்டில் பிசிறு இருக்கக்கூடாது. பார்ட் நம்பர் உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று சரிபாருங்கள். த்ரெட் பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டியின் ஃபில்டரைப் போடாதீர்கள், உள்ளே வால்வு மாறியிருக்கலாம். பில் தராத கடையில் எந்தப் பெயர் போட்ட ஃபில்டரையும் வாங்காதீர்கள்.

பொருத்தும்போது பழைய கேஸ்கட் டப்பாவோடு வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். புது கேஸ்கட்டில் ஒரு சொட்டு ஆயில் தடவுங்கள். கேஸ்கட் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று போதும், ஸ்பானர் போட்டு இறுக்கவேண்டாம். எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அடியில் கசிவு உண்டா என்று குனிந்து பாருங்கள். ஏர் ஃபில்டரையும் மறக்காதீர்கள். வெளித்தூசி எஞ்சினுக்குள் வரும் முக்கிய வழி அதுதான். அங்கே விட்டுவிட்டு ஆயில் ஃபில்டரில் மட்டும் செலவழிப்பதில் பயனில்லை.

எங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது?

வாரன்டியில் இருக்கும் வண்டிக்குக் கம்பெனி ஃபில்டரையே போடுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். டர்போ எஞ்சினுக்கும் புதிய டீசல் எஞ்சினுக்கும் தயாரிப்பாளர் சொன்ன தரத்திலிருந்து இறங்கவேண்டாம். 15,000 கிலோமீட்டர் இடைவெளியில் ஆயில் மாற்றுபவர்கள் அதற்கென்று செய்த சிந்தெடிக் ஃபில்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்தப் பணம் அத்தனை தூரம் தாங்கும் திறனுக்கானது. வாரன்டி முடிந்த சாதாரண பெட்ரோல் காரில், 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்குள், அதிகபட்சம் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுபவர்களுக்குப் பெயர் தெரிந்த மலிவு ஃபில்டர் போதும்.

அன்று அறுத்த மூன்று ஃபில்டர்களும் இன்னும் அண்ணனின் பட்டறை அலமாரியில் இருக்கின்றன. 'எதுண்ணே போடலாம்?' என்று கேட்டு வருபவர்களின் கையில் அவர் மூன்றையும் கொடுக்கிறார். உங்கள் மெக்கானிக்கிடமும் அடுத்த முறை கழற்றும் ஃபில்டரை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். விலையைக் கேட்டு முடிவு செய்வதைவிட அது நம்பகமானது.