ஐப்பசி மழைக்கு முன் ஆலைக்காரர்களும் கடைக்காரர்களும் செய்ய வேண்டியது

குறுவை அறுப்பு முடிந்து நெல் மூட்டைகள் ஆலைக்கு வந்து இறங்கும் நேரம் இது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காய்ச்சலும் கூடவே வரும். சேற்றில் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் டெங்கு. திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் பத்துப் பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் முதலாளிகள், தங்கள் ஆட்களின் இ.எஸ்.ஐ. பதிவில் குடும்பத்தார் பெயர் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்காக நீங்கள் 3.25 சதவீதம் கட்டுகிறீர்கள். அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறீர்கள். அந்தப் பணத்தில் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், அவரை நம்பியிருக்கும் தாய் தகப்பனுக்கும் வைத்தியம் உண்டு. பெயர் ஏறாவிட்டால், அவசரத்தில் அலைய வேண்டிவரும். வீட்டாரின் ஆதாரையும் புகைப்படத்தையும் வாங்கி இப்போதே பதியச் சொல்லுங்கள்.

சேதியை ஆளிடம் மட்டும் சொன்னால் அது அவர் சட்டைப் பையோடு நின்றுவிடும். சம்பளம் போடும் நாளில் வீட்டுக்காரம்மாவையும் வரச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. அட்டையில் எந்த மருந்தகம் போட்டிருக்கிறது, போகும்போது எதை எடுத்துப்போக வேண்டும் என்று கணக்குப்பிள்ளை அவரிடமே காட்டட்டும்.

வீட்டார் மருந்தகத்துக்கு வராததற்கு அலட்சியம் காரணமில்லை, கூலிதான். தஞ்சாவூர் போய் வந்தால் ஒரு நாள் போய்விடும். சம்பா நடவுக்குப் போகும் பெண் தன் கூலியையும் விட்டுத்தான் வர வேண்டும். அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்தால் ஒரு வேன் பிடித்துக் கொடுங்கள். ஆலையிலேயே பரிசோதனை முகாம் வைப்பதானால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பேசி ஞாயிற்றுக்கிழமை மாலையாகக் கேளுங்கள். பகலில் வைத்தால் நடவுப் பெண்கள் வயலில் இருப்பார்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: பரிசோதனைச் சீட்டு முதலாளி மேஜைக்கு வரக் கூடாது. பிரஷர் இருப்பது தெரிந்தால் மூட்டை தூக்க விடமாட்டார்களோ என்று பயந்து கை நீட்டாதவர்கள் இருக்கிறார்கள். சீட்டு அவரவர் கையில்தான் போகும் என்பதை முகாமுக்கு முன்பே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அவர் நம்பினால்தான் வீட்டாரையும் அழைத்து வருவார்.

இ.எஸ்.ஐ. இல்லாத, பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் வாசலுக்கே வருகிறது.

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் கடை மாத்திரையோடு விடாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

செப்டம்பர் 30-உடன் இ.எஸ்.ஐ.யின் இந்தப் பங்களிப்புக் காலம் முடிகிறது. ஏப்ரல் முதலான இந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால்தான் ஜனவரியிலிருந்து ஜூன் வரை நோய்க்காலப் பணம் கிடைக்கும். ஆகவே வேலை செய்த நாட்களைப் பதிவேட்டில் குறைக்காமல் எழுதி, செப்டம்பர் மாதப் பணத்தை அக்டோபர் 15-க்குள் கட்டிவிடுங்கள்.