டயரில் நான்கு எண்கள்

நல்லேப்பிள்ளி நெல் விளையும் ஊர். அறுவடை முடிந்தால் நெல்மூட்டைகளை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி இழுப்பார்கள்.

ஒரு டிராக்டரின் பின்டயர்கள் தேய்ந்துவிட்டன. சரிவில் இறங்கும்போது பாரம் ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். டயர் தரையைப் பிடிக்காவிட்டால் வண்டி குடைசாயும். உயிருக்கே ஆபத்து.

டிராக்டர்காரர் டயர் கடைக்குப் போனார்.

"புது டயருங்க அண்ணா. விலையும் குறைவு" என்றார் கடைக்காரர்.

அவர் டயரின் பக்கவாட்டைப் படித்தார். 13.6-28. அளவு சரி. அகலம் 13.6 அங்குலம், ரிம் 28 அங்குலம். இன்னும் குனிந்து தேடினார். நான்கு எண்கள் தெரிந்தன: 0816. அதாவது, 2016ஆம் ஆண்டு 8ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும், வெடிப்பு விடும்.

"இது வேண்டாங்க" என்றார்.

அண்மையில் செய்த டயர்கள் இரண்டு வாங்கினார். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சக்கரம் உருளும் திசையும் டயரிலுள்ள அம்புக்குறியும் ஒன்றாக இருக்கும்படி மாட்டச் சொன்னார்.

உங்கள் ஊர் டிராக்டரில் அந்த நான்கு எண்களைத் தேடுங்கள். எந்த ஆண்டு? எழுதுங்கள்.