கணுக்கால் மூட்டு வலி: ஆபரேஷனுக்கு முன் தெரிந்துகொள்வோம்

இந்த மாதப் பாடம் கணுக்கால் மூட்டுத் தேய்மானம். முழங்கால் வலியைப் பற்றி எல்லாரும் பேசுறோம். கணுக்காலை யாரும் கண்டுக்கிறதில்லை. ஆனா நடவு, களையெடுப்பு, தண்ணிக்குடம் என்று எந்த வேலைக்கும் உடம்பு பாரத்தைத் தாங்குவது இந்தச் சின்ன மூட்டுதான்.

ஏன் வருகிறது?

முழங்கால் பெரும்பாலும் வயசானால் தேயும். கணுக்கால் அப்படி இல்லை. பழைய எலும்பு முறிவும், அடிக்கடி கால் பிசகுவதும்தான் முக்கியக் காரணம். வரப்பில் கால் மடங்கி விழுந்த அக்காவுக்கு, பல வருஷம் கழித்து வலி வரலாம். சரவாங்கி என்கிற முடக்குவாதத்தாலும் இந்த மூட்டு கெடும்.

அதனால கால் பிசகியதும் "வெறும் சுளுக்குதான்" என்று விட்டுவிடாதீங்க. ஊன்றி நாலு எட்டு வைக்க முடியலையா? கணுக்கால் எலும்பை அமுக்கினால் வலிக்குதா? உருவி விடுவதற்கு முன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க.

ஆபரேஷன் இல்லாமல் என்ன செய்யலாம்?

1. உடம்பு எடை கூடியிருந்தால் குறைக்கணும்.
2. வெறுங்காலில் நடக்காமல், கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் செருப்பு போடணும். டாக்டர் சொன்னால் கணுக்கால் பட்டையும் போடலாம்.
3. ஊன்றுகோலை வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்கணும்.
4. பிஸியோதெரபி பயிற்சியை விடாமல் செய்யணும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இது வீட்டுக்கே வந்து தரப்பட்டது. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிங்க.
5. கடையில் தானாக வலி மாத்திரை வாங்கித் தினமும் போடக் கூடாது. வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும்.

பல பேருக்கு இதிலேயே வலி குறையும். பல மாதம் செய்தும் நடக்கவே முடியலை என்றால்தான் ஆபரேஷன் பேச்சு.

ஆபரேஷன் இரண்டு வகை

ஒன்று, மூட்டை இணைப்பது. தேய்ந்த பகுதியை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்குவார்கள். வலி அடங்கும். ஆனால் பாதத்தை மேலும் கீழும் அசைப்பது பெரும்பாலும் போய்விடும். வருஷம் போகப் போக பக்கத்து மூட்டுகளும் தேயலாம்.

இரண்டு, செயற்கை மூட்டு வைப்பது. தேய்ந்த இடத்தில் உலோகமும் உறுதியான பிளாஸ்டிக்கும் பொருத்துவார்கள். அசைவு ஓரளவு இருக்கும். ஆனால் அதுவும் தேயும், தளரும். சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படும்.

எது நல்லது? பிரிட்டனில் 50 வயசுக்கு மேற்பட்ட 303 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. ஒரு வருஷம் கழித்து இரண்டு பிரிவினருக்குமே நல்ல குணம் தெரிந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. செயற்கை மூட்டு வைத்தவர்களுக்குப் புண் ஆறுவதில் சிக்கல் அதிகம். இணைத்தவர்களில் சிலருக்கு எலும்பு கூடவில்லை. ஆகவே செலவு கூடியதுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். பார்க்கிற வேலை, வயசு, கால் கோணல் இதையெல்லாம் வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், மூட்டில் சீழ் வந்தவர்களுக்குச் செயற்கை மூட்டு பொதுவாகப் பொருந்தாது. புகையிலை போடும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே விடணும். எலும்பு கூடுவதையும் புண் ஆறுவதையும் அது கெடுக்கும்.

டாக்டரிடம் கேளுங்க

• எனக்கு எந்த வகை? ஏன்?
• எத்தனை வாரம் கால் ஊன்றக் கூடாது?
• வயல் வேலைக்கு எப்போது போகலாம்? பாரம் தூக்கலாமா?
• குத்த வைத்து உட்கார முடியுமா?
• இதே ஆபரேஷனை நீங்க எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க?

கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நம்ம கால், நம்ம பிழைப்பு.

கடனுக்கு முன் ஒரு வேலை

2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட கார்டு உங்களிடம் இருந்தால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்க. இந்த ஆபரேஷன் அதில் வருமா, கையிலிருந்து எவ்வளவு கட்டணும் என்று தெரிந்த பிறகு குழுவில் கடன் கேட்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் கூலி வராது. அந்தக் காலத்துத் தவணையையும் கணக்கில் சேர்த்துக்கோங்க. நகையை அடகு வைத்துவிட்டு அப்புறம் விசாரிப்பது வீண் நஷ்டம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. கால் பிசகி எக்ஸ்ரே எடுக்காமல் விட்டவர் நம் குழுவில் யார்?
2. தினமும் வலி மாத்திரை போடுபவர் யார்? அவரை எந்த நாளில் டாக்டரிடம் கூட்டிப் போகலாம்?
3. ஆபரேஷன் முடிந்த உறுப்பினருக்குத் தவணையைத் தள்ளி வைக்க முடியுமா? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்க.