பள்ளி ஐபேட் வீட்டுக்கு வருமுன்: தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

உயர்நிலை ஒன்றுக்குப் போகிறாய். சீக்கிரமே உன் கைக்கு ஓர் ஐபேட்டோ குரோம்புக்கோ வந்துவிடும். சிங்கப்பூரில் 2021 இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் வந்துவிட்ட நடைமுறை இது. உன் எடுசேவ் கல்விக் கணக்கிலிருந்து கழித்தாலும், அப்பா கையிலிருந்து கட்டினாலும் சாதனம் உன்னுடையதுதான். ஆனால் அதற்குள் பள்ளியின் சாதன நிர்வாகச் செயலி இருக்கும். நீ படிப்பை முடித்துக் கிளம்பும்போதுதான் அதை நீக்குவார்கள். அதனால் பாடத்துக்கு அந்த ஐபேட்டை நன்றாகப் பயன்படுத்து. உன் சொந்த விஷயங்களை அதில் வைக்காதே.

எல்லாவற்றுக்கும் முன்னால், அம்மா அப்பாவுக்கு வரும் தெரிவுப் படிவம். பள்ளி நேரம் முடிந்த பிறகு செயலி எப்படி இயங்கவேண்டும் என்று அதில் கேட்பார்கள். எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், பள்ளியில் உள்ள கட்டுப்பாடுகளே வீட்டிலும் தொடரும். ‘ஏ’ தெரிவில் அந்த அமைப்புகளைப் பெற்றோர் தங்கள் விருப்பப்படி மாற்றலாம். ‘பி’ தெரிவில் பள்ளி நேரத்துக்குப் பிறகு செயலி இயங்காது. என்னைக் கேட்டால், இப்போதைக்கு ‘ஏ’ போதும். இரவு எத்தனை மணிக்கு மூடுவது, எந்தத் தளம் வேண்டாம் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யலாம். உயர்நிலை மூன்று வரும்போது ‘பி’ கேள், நானும் உனக்காகப் பேசுகிறேன். யாரும் படிக்காமல் அந்தப் படிவம் கிடப்பில் போகக்கூடாது, அவ்வளவுதான்.

செயலி எதைப் பார்க்கிறது? இருக்கும் இடத்தையும் கடவுச்சொற்களையும் அது சேகரிப்பதில்லை என்று கல்வி அமைச்சு சொல்லியிருக்கிறது. எந்த இணையப் பக்கத்துக்கு எப்போது போனாய் என்பது பதிவாகும். வகுப்பு நேரத்தில் ஆசிரியர் உன் திரையைப் பார்க்க முடியும். குரோம்புக் கிடைத்தால் ஒன்று செய்து பார்: கீழே வலது மூலையில் மணி காட்டும் இடத்தைத் தட்டு, விரியும் பெட்டியில் சின்னக் கட்டடம் போல ஓர் அடையாளம் இருக்கும். அதைத் தட்டினால், நிர்வாகி எதையெல்லாம் பார்க்கலாம், மாற்றலாம் என்று ஒரு பட்டியல் வரும். பொறுமையாகப் படி. மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் யாருக்கும் தெரியாது என்று தோழிகள் சொன்னால் நம்பாதே. உடம்பைப் பற்றியோ மனக்கஷ்டத்தைப் பற்றியோ தேடவேண்டியிருந்தால் வீட்டுக் கணினியில் தேடு. இல்லையென்றால் என்னிடம் கேள், எந்த நேரமானாலும் சரி.

அடுத்தது, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது. 2024 ஆகஸ்டில், அப்போது பள்ளிகள் பயன்படுத்திய மொபைல் கார்டியன் என்ற செயலிக்குள் யாரோ ஊடுருவிவிட்டார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்கள் தூரத்திலிருந்தே அழிக்கப்பட்டன. கோப்புகளை யாரும் பார்த்ததற்கு ஆதாரம் இல்லை என்றார்கள், அமைச்சு அந்தச் செயலியையும் நீக்கியது. ஆனால் குறிப்புகளை ஐபேட்டில் மட்டும் வைத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பார், ஓ நிலைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அதே ஆண்டு ஏப்ரலில், 127 பள்ளிகளின் பெற்றோர், ஊழியர்களின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் இதே நிறுவனத்திடமிருந்து வெளியே போயிருந்தன. பாதுகாப்புக்காக வைக்கிற பூட்டின் சாவி இன்னொருவரிடம் இருந்தால், அது தொலையவும் வாய்ப்பு உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் குறிப்புகளை ஒரு தம்ப்டிரைவிலோ வேறு கணக்கிலோ நகல் எடுத்துவை. மறக்காதே.

கணக்குகளைக் கலக்காதே. பள்ளி ஐபேட்டில் அம்மாவின் ஆப்பிள் கணக்கைப் போட்டால் குடும்பப் படங்களும் குறுஞ்செய்திகளும் அதில் வந்து இறங்கிவிடும். வீட்டுக் கணினியில் பள்ளிக் கணக்கைத் திறக்கும்போது குரோமில் தனி சுயவிவரம் உருவாக்கிக்கொள், இல்லாவிட்டால் நம் வீட்டுத் தேடல்களும் பள்ளிக் கணக்கோடு சேர்ந்துபோகலாம். அப்பாவின் சிங்பாஸ், வங்கி வேலை எதுவும் பள்ளிச் சாதனத்தில் வேண்டவே வேண்டாம். நாட்குறிப்பு எழுதுகிறாயா? நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறேன்.

கேமரா மேல் ஒரு சின்ன ஒட்டுத்தாள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி வட்டாரம், தான் கொடுத்த மடிக்கணினிகளின் கேமரா வழியே மாணவர்களை வீட்டிலேயே படம் எடுத்தது 2010இல் வெளியே வந்தது. வழக்குகளைத் தீர்க்க 6,10,000 டாலர் கொடுக்கவேண்டி வந்தது. நம் ஊரில் அப்படி நடப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் படுக்கையறையில் சார்ஜ் போடாதே, கூடத்தில் போடு.

செயலியை ஏமாற்றி நீக்கும் வழிகள் யூடியூபில் கிடைக்கும். அந்தப் பக்கமே போகாதே, பள்ளியில் மாட்டிக்கொள்வாய். பிடிக்காவிட்டால் வாய் திறந்து கேள். 2021இல் இப்படியொரு செயலியே வேண்டாம் என்று இணைய மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அமைச்சும் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

படிவம் வந்ததும் அம்மா அப்பாவோடு நீயும் பக்கத்தில் உட்கார். அவர்கள் கையெழுத்துப் போடும்முன் எனக்கு ஒரு போன் பண்ணு, சேர்ந்தே படிக்கலாம்.